அலைமேல் போனது நான்தான்

எங்கள் கலிபோர்னியா மாலிபுக் கரையில் ஓர் இனம் உண்டு: 'அந்தப் படத்தில் நானும் இருந்தேன்' இனம். அறுபதுகளில் அரைகுறைப் பணத்தில் சுருட்டி எடுத்த கடற்கரைப் படங்கள் ஞாபகம் இருக்கிறதா? கதை கிடையாது. கிதார் உண்டு, முன்வழுக்கை விழுந்த கல்லூரி மாணவர்கள் உண்டு, ஜனவரிக் குளிரில் உதடு நீலம் பாரிக்க 'ஆகா, என்ன வெயில்' என்று நீச்சலுடையில் ஆடுகிற கும்பல் உண்டு. அந்தக் கும்பலில் ஆடியதாக இன்று சொல்லிக்கொள்கிறவர்களை எல்லாம் நிற்கவைத்தால் கரை கொள்ளாது. (கிதார் வாசித்த கை மட்டும் என்னுடையது. அது வேறு விஷயம்.)

எப்படிக் கண்டுபிடிப்பது? தள்ளாத வயதிலும் பூப்போட்ட சட்டை. நீங்கள் பல்வலி என்று ஆரம்பித்தாலும் பேச்சு படப்பிடிப்பில் போய்த்தான் நிற்கும். "ஹீரோவுக்கு நீச்சலே தெரியாதுய்யா. அவனுக்குப் பதிலா பலகையில ஏறி அலைமேல போனது நான்தான்."

வெர்ன் பிளாட்ஜெட் இதையே டோரீனிடமும் அளந்துவிட்டார். டோரீன் கணவரை இழந்தவர். வெர்ன் அவரைக் கட்டிக்கொள்ளத் தவியாய்த் தவித்தார். போதாத காலம், ஊர் நூலக அரங்கில் அவர் சொன்ன அதே படத்தைப் போட்டார்கள். டோரீன் ஆசையாக முன்வரிசையில் இடம் பிடித்தார். வெர்னுக்கும் சேர்த்து.

திரையில் அலை வந்தது, அதன்மேல் பலகையில் ஒருவன். அலைப்பலகைக் கடை கிளிஃப் சும்மா இருப்பானா?

"யோவ் வெர்ன், நீ இடதுகாலை முன்னால வச்சுத்தானே நிப்ப? இவன் வலதுகாலை வச்சிருக்கான்?"

பலகையில் எந்தக் கால் முன்னால் என்பது எங்கள் ஊரில் கைரேகை மாதிரி. ஆளுக்கு ஒன்று உண்டு, மாறாது.

"பிலிமைத் திருப்பி ஒட்டிட்டாங்கய்யா."

"அப்ப கரையில இருக்கிற ஐஸ்கிரீம் கடைப் பேரு மட்டும் எப்படி நேரா இருக்கு?"

அரங்கமே சிரித்தது. வெர்ன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. டோரீன் மட்டும் சிரிக்காமல் திரையைக் காட்டினார்.

"வெர்ன், துண்டை எடுத்துக்கிட்டு அலறி ஓடுறா பாருங்க ஒருத்தி. அது நான்தான்."

டோரீன் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததே நாற்பது வயதுக்கு மேல். திரையில் ஓடியவள் அவரைவிட ஒரு சாண் உயரம். வெர்ன் நிமிர்ந்தார்.

"அதானே! எங்கேயோ பார்த்த முகமா இருக்கேன்னு இத்தனை நாளா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்."

அடுத்த மாதமே கல்யாணம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் ஊரில் படப்பிடிப்பு நடந்தபோது கூட்டத்தில் நின்றதாக நீங்களும் யாரிடமோ சொல்லித்தான் வைத்திருக்கிறீர்கள். 'ஆமாம், பார்த்தேனே' என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.