கம்பிக்காரர் கட்டிய கம்ப்யூட்டர்

உள்ளே காற்றாடிகள் மூன்றும் சுற்றின. முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. புது மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கறுத்துப்போனது.

“மணி பத்தாச்சேடா,” என்றார் கம்பிக்காரர். அறையில் வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டரிடம்தான் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குத் தேர்வு. இருபத்திரண்டு வருஷம் கட்டடங்களில் கம்பி வளைத்துக் கட்டியவரின் முதுகு, போன மாதம் ஒரு கட்டுக் கம்பியைத் தோளில் ஏற்றும்போது நின்ற இடத்திலேயே மடங்கிவிட்டது. இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். கம்பெனி ஸ்டோரில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வந்த சாமான், போன சாமான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. வீட்டிலிருந்தே எழுதும் தேர்வில் தேறினால் அந்த நாற்காலி. தேறாவிட்டால் வீட்டு நாற்காலி.

தூரத்தில் வேலை பார்க்கும் மைத்துனன்தான் பாகம் பாகமாக எதை எதை வாங்குவது என்று சொன்னான். தன் மகள் விளையாடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கையும் பார்சலில் அனுப்பினான். “அதுல எல்லாம் ஏத்தி வச்சிருக்கேன் மச்சான். மாட்டுனா ஓடும்.”

மூன்று நாளில் கட்டிவிட்டார். மேஜையில் ஏற்கெனவே டிவியின் செட்டாப் பாக்ஸ் இருந்தது. அதன் வயர் சுவர் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் கூடத்து டிவிக்குப் போனது. அறையில் பிளக் பாயிண்ட் இரண்டுதான் என்பதால் செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். தொங்குகிற எதையும் அவர் கண் பொறுக்காது. மேஜைக்குப் பின்னால் கிடந்த கறுப்பு வயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சாணுக்கு ஒரு முடிச்சு என்று பீம் கம்பி மாதிரி கட்டி, எது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் முனைகளை அதது அளவுக்குப் பொருந்திய ஓட்டையில் செருகினார். அழகாக இருந்தது. கான்கிரீட் போடுவதுதான் பாக்கி.

கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். செட்டாப் பாக்ஸ் போன பிறகும் அவர் டிவியை அணைக்கவில்லை. இருட்டுத் திரைக்கு முன்னால் ரிமோட்டோடு உட்கார்ந்து மறியல் செய்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் மருமகனிடம் பேசியதை எழுதினால் ஒரு பக்கம் தேறாது. ‘கம்பி கட்டுறவனுக்கா பொண்ணு?’ என்பது அதில் முதல் வரி.

“நல்லாயிருக்கு மாப்பிள்ளை,” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

கம்பிக்காரருக்குச் சுருக்கென்றது. இங்கே உயிர் போகிறது, அவருக்கு நல்லாயிருக்காம். மைத்துனனைப் போனில் பிடித்தார்.

“ரேம் சரியா உக்காந்திருக்காது மச்சான். நிறுத்திட்டு, அதைக் கழட்டி அழிரப்பரால தேய்ச்சு மாட்டுங்க.”

நிறுத்தினார்.

“இருந்ததையும் பிடுங்கிட்டீங்களே,” என்றது கூடம்.

“உங்க நிகழ்ச்சியைச் சாயங்காலம் பாத்துக்கலாம் மாமா. எனக்குப் பரீட்சை.”

தேய்த்தார். துரு ஏறிய கம்பியைத் தேய்க்கிற தேய்ப்பு. மாட்டி, பொத்தானை அமுக்கினார். காற்றாடி சுற்றியது. நோ சிக்னல்.

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் மாமனார் சிரித்தார். வாய்விட்டு, தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து இந்த வீட்டுச் சுவர் கேட்டதில்லை. கம்பிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“உங்கப்பா என்னைப் பாத்துச் சிரிக்கிறாருடா,” என்றார் போனில்.

“அவரை விடுங்க. உள்ள பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அதை எடுத்துட்டு நூறு எண்ணுங்க. பழசெல்லாம் மறந்துட்டுப் புதுசா ஆரம்பிக்கும்.”

‘அந்தப் பேட்டரி உங்கப்பாவுக்கு எங்க இருக்கு?’ என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு எண்ணினார். எண்பத்து நாலில் மாமனார், “இன்னும் எவ்வளவு நேரம் மாப்பிள்ளை?” என்று கேட்கவே கணக்கு விட்டுப்போய், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

போட்டார். நோ சிக்னல்.

“முன்ன மாதிரி இல்லையே மாப்பிள்ளை,” என்றார் மாமனார்.

கம்பிக்காரரின் கை அப்படியே நின்றது. முதுகு போனவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டார். மணி பதினொன்றரை.

“கடைசியா ஒண்ணு இருக்கு,” என்றான் மைத்துனன். “ப்ராசஸர் மேல உள்ள காத்தாடிக்கு நாலு திருகு. லூசா இருந்தா லேசா இறுக்குங்க. லேசா, மச்சான்.”

லேசு என்றால் என்ன அளவு என்று அவன் சொல்லவில்லை. கம்பிக்காரருக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான்: மேலே ஆள் ஏறி நடந்தாலும் அசையக் கூடாது. முதல் திருகு. இரண்டாவது. மூன்றாவதுக்குக் கொஞ்சம் கோபமும் சேர்ந்துகொண்டது. நாலாவதில் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

பொத்தானை அமுக்கினார். விளக்கு எரியவில்லை. காற்றாடிகூடச் சுற்றவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கம்பெனி ஸ்டோருக்குப் போன் போட்டார். அங்கே இருக்கும் பதிவேட்டு அம்மா எடுத்தார்.

“அம்மா, கம்பிக்காரன் பேசுறேன். என்னால பரீட்சை எழுத முடியாதும்மா. கம்ப்யூட்டரை நானே கட்டினேன். படமே வரல. நானே கொன்னுட்டேன்.”

“உங்களுக்கு முன்னாடி ஏழு பேர் கூப்பிட்டாச்சு. ஒருத்தர் வீட்டுல கரண்ட் இல்ல, ஒருத்தருக்குக் கண்ணாடியைக் காணோம். எல்லாரும் நாளைக்கு இங்கயே வந்து எழுதுங்க.”

“பேப்பர்லயாம்மா?”

“கம்ப்யூட்டர்லதான். பயப்படாதீங்க, இங்க படம் வரும்.”

போனை வைத்தார். முதுகுகூடக் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. மனசு இளகினால் பகையும் நிற்பதில்லை. பாவம், வயதானவர், காலையிலிருந்து இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூடத்துக்குப் போனார்.

“மாமா, மன்னிச்சுக்கங்க. என் அவசரத்துல உங்க டிவியைப் பிடுங்கிப் போட்டுட்டேன்.”

மாமனார் எழுந்து, தான் சாய்ந்திருந்த தலையணையை எடுத்து மருமகன் முதுகுக்கு வைத்து உட்காரவைத்தார். அவர் கண் ஈரமாக இருந்தது.

“ஒரு வருஷமாச்சு மாப்பிள்ளை, உங்க மச்சான் பொண்ணைப் பாத்து. அந்தக் குட்டி முன்பல்லு ரெண்டும் விழுந்து இந்த டிவி நிறையச் சிரிச்சிட்டு நிக்கிற போட்டோவைப் பத்து மணிக்கே எனக்காகப் போட்டீங்க. அதை ஏன் சும்மாச் சும்மா அணைச்சு, வெறும் இங்கிலீஷ் எழுத்தா மாத்தினீங்க?”