எண்ணெய் இல்லாத பஜ்ஜி

அரசாங்கத்தில் ஒரு பிரிவு இருந்தால் அதற்கு ஓர் அதிகாரி இருந்தாக வேண்டும். அதிகாரி என்று ஒருவர் இருந்தால் அவருக்கு எப்போதாவது ஒரு யோசனை வந்தாக வேண்டும். கிரிவலப் பாதைத் தின்பண்ட நலப் பிரிவின் அதிகாரி புகழேந்திக்கு நெடுநாளாக ஒன்றும் வராமல் இருந்து, இந்த மாசி மாதம் வந்துவிட்டது. ஆசிரமத்துப் பக்கம் ஒரு கடையில், வெள்ளைக்காரர் ஒருவர் கிரில்லில் வாட்டிய கத்தரிக்காயைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தார்.

"கண்ண மூடினு சாப்பிடறார்னா அது ஆரோக்கியமாத்தான் இருக்கணும்" என்று அதிகாரி முடிவுக்கு வந்தார்.

மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. பக்தகோடிகளின் இதய நலனை முன்னிட்டு, பாதையில் எண்ணெயில் பொரிப்பது தடை செய்யப்படுகிறது. பஜ்ஜிகள் இனி கிரில்லில் மட்டுமே சுடப்பட வேண்டும். மாறாத கடைகளுக்கு வருகிற பௌர்ணமியோடு இடம் ரத்து.

பஜ்ஜிக்கடை ஆதிமூலம் வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மல்லாட்ட புடுங்கற வேல கெடக்குது" என்று கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார். பக்கத்துக் கடை ராணியம்மாளால் அப்படிப் போக முடியவில்லை. அவருக்கு நிலமும் இல்லை, அதில் பிடுங்க மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் இல்லை. குபேர லிங்கத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிற அந்த இடம்தான் எல்லாம். ஒரு பௌர்ணமிக்கு அவர் வராவிட்டால் அடுத்த பௌர்ணமிக்கு வேறொருவர் அங்கே குடை நட்டிருப்பார்.

"நான் மாறிக்கறேன் சார். எப்படி சுடறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றார் ராணியம்மாள்.

அதிகாரி, பட்டறை வேடியப்பன் அடித்த கிரில்லோடு நேரிலேயே வந்தார். ராணியம்மாள் மிளகாயை மாவில் தோய்த்துக் கம்பிமேல் வைத்தார். மாவு கம்பிச் சந்து வழியாகக் கரியில் இறங்கியது. மிளகாய் மட்டும் துணியில்லாமல் மேலே கிடந்து கருகியது. அந்த நெடியில் பாதையில் போனவர்கள் அத்தனை பேரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். 'பக்தர்கள் கண்ணீர் மல்க நடந்து சென்றனர்' என்று அறிக்கையில் ஏறியது.

"சந்து ஜாஸ்தி. கம்மி பண்ணு" என்றார் அதிகாரி.

வேடியப்பன் கம்மி பண்ணினார். இன்னும் கம்மி பண்ணினார். கடைசியில் சந்தே இல்லாமல் ஒரு தகடாக வந்து நின்றது. அதில் மாவு ஒழுகவில்லை, ஒட்டிக்கொண்டது. பஜ்ஜியைக் கரண்டியால் சுரண்டியதில் பாதி வந்தது.

"ஒட்டாம இருக்க லேசா எதனா தடவலாமே?"

"எண்ணெய் தடவட்டுங்களா சார்?"

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏம்மா, அந்த வார்த்தையே வாயில வரக்கூடாது. ஒட்டுத் தடுப்புத் திரவம்னு சொல்லு."

ஒட்டுத் தடுப்புத் திரவம் தடவப்பட்டது. அடிப்பக்கம் வெந்தது. மேல்பக்கம் பச்சையாகவே இருந்தது. திருப்பிப் போட்டால் ஓரம் வேகவில்லை.

"எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல வேகணும். அதுதான் சமூக நீதி. திரவத்தோட மட்டத்த ஒசத்து" என்றார் அதிகாரி.

உயர்த்தினார்கள். தட்டைத் தகட்டில் திரவம் நிற்குமா? நாலு பக்கமும் வழிந்து நெருப்பில் விழுந்து குப்பென்று பற்றியது. அதிகாரியின் இடது பக்க மீசை அரசுப் பணியில் இருக்கும்போதே காலமானது. அதனால் தகட்டின் ஓரத்தை மேலே வளைக்கவும், நடுவைக் குழிக்கவும், பாதுகாப்பாகத் தூக்குவதற்கு இரண்டு பக்கமும் காது வைக்கவும் திருத்தம் வந்தது.

வேடியப்பன் அடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தார். "சார், இது..."

"என்ன?"

"அம்சமா இருக்குது சார்."

ராணியம்மாள்தான் மெதுவாகக் கேட்டார். "சார், இதே மாதிரி ஒண்ணு எங்க வூட்ல கெடக்குது. அதயே எடுத்தாரட்டுங்களா?"

"அது வாணலிம்மா! தடை செய்யப்பட்ட பொருள்!"

அதோடு ராணியம்மாள் கேட்பதை விட்டுவிட்டார். இடம்தானே முக்கியம்? விளிம்பில் 'கிரில்' என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

பௌர்ணமி வந்தது. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து முதல் பஜ்ஜியைக் கடித்தார். "அடடா! எண்ணெயில பொரிச்ச மாதிரியே இருக்குதே!"

"அதுதான் சார் இந்தத் திட்டத்தோட வெற்றி" என்றார் புகழேந்தி.

கூட்டம் மொய்த்தது. பஜ்ஜியே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த ஒருவர், "கிரில்லுதானே" என்று எட்டு சாப்பிட்டார். எப்போதும் இரண்டோடு நிறுத்துகிற நானும், உடம்பை உத்தேசித்து ஆறு வாங்கினேன்.

அந்த நேரம் பார்த்து ஆதிமூலம் திரும்பி வந்தார். ராணியம்மாளின் அடுப்பை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "தட எடுத்துட்டாங்களாக்கா?" என்றபடி, தன் வாணலியை நிமிர்த்தி வைத்து எண்ணெயை ஊற்றினார்.

ராணியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சார்! இங்க வாங்க சார்! நாலு பேரு உசுரோட வெளையாடறாரு பாருங்க, எண்ணெயில சுடறாரு!"

ஆதிமூலம் அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். "யக்கா, ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டுமே வேடியப்பன் அடிச்சதுதானே? கேட்டுப் பாருங்க சார்!"

வேடியப்பன் வாயிலிருந்த பஜ்ஜியை விழுங்கினார். "நான்தான் சார் அடிச்சேன். ஆனா அவுருத அடிக்கறப்ப என் கையில சுற்றறிக்கை இல்ல."

விஷயம் முடிந்தது. வாணலி பறிமுதல், இடம் ரத்து. அரை மணி நேரத்தில் அங்கே வேறொரு குடை முளைத்தது.

வெறும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நல்லதைச் சொல்ல வேண்டும் அல்லவா? "என்னாண்ணா, இந்தக் காலத்துலயும் எண்ணெயில சுட்டா எப்படிண்ணா?" என்றேன்.

அவர் அடுப்பை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். பஜ்ஜி மடித்திருந்த செய்தித்தாளில் விரலைத் துடைத்தேன். 'எண்ணெய் இல்லாத கிரிவலம்: பொதுமக்கள் பெருமிதம்' என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கத்துச் செய்தியும் சேர்ந்தே தெரிந்ததால் படிக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டேன்.