அப்போதே செய்து முடித்தவர்

இந்த உலகத்தில் இனிமேல் கண்டுபிடிக்க ஒன்றுமே பாக்கி இல்லை என்ற செய்தியை உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா? அப்படியானால் 'அப்போதே செய்து முடித்தவர்' என்ற உயிரினத்தை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை என்று பொருள். அது அரிய இனம் ஒன்றுமில்லை. அலுவலகங்களிலும் கல்யாணப் பந்திகளிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் தாராளமாக விளைகிறது. ஆனால் நன்றாகக் கொழுத்து, மெருகேறி, முழு வளர்ச்சி அடைந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் ஆராய்ச்சிக் கூடங்களுக்குத்தான் வர வேண்டும். மைசூருக்கு வாருங்கள். நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறியியல் கல்லூரியில், கணினித் துறையின் மூத்த பேராசிரியராக கேசவமூர்த்தி இருக்கிறார்.

யாராவது ஒரு மாணவர், ராத்தூக்கம் கெட்டு, தலை கலைந்து, கண்மட்டும் மின்ன அவர் அறைக்குள் ஓடிவந்து, "சார், சிப்புக்குள்ள மெமரியை இப்படி ரெண்டாப் பிரிச்சு வெச்சா..." என்று ஆரம்பித்தால் போதும், கேசவமூர்த்தி நாற்காலியில் சாய்வார், கூரையைப் பார்ப்பார், பள்ளி ஆண்டுவிழாவில் பாட்டை மறந்து நிற்கும் குழந்தைக்கென்று நாம் எல்லோரும் ஒரு புன்னகை வைத்திருப்போமே, அதை எடுத்து மாட்டிக்கொள்வார், பிறகு சொல்வார்:

"அதை நாங்க அப்பவே பண்ணிட்டோம்ப்பா. அல்வா?"

'அல்வா' என்பது கன்னடத்தில் 'அல்லவா' என்பதுதான். மைசூர்த் தமிழர் வாயில் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தமிழில் அதற்கு வேறொரு பொருள் உண்டு. இவர் விஷயத்தில் இரண்டும் பொருந்தும்.

அந்த 'நாங்க' யார்? இதுவரை ஒருவரும் வெளிவந்து, நானும் அதில் ஒருவன் என்று சொன்னதில்லை. அந்த 'அப்ப' எப்போது? கணக்கு வாத்தியார் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு மாறி. மாணவரின் யோசனை போன வருஷத்துக் கட்டுரையில் வந்திருந்தால், 'அப்ப' அதற்கு முந்தைய வருஷம். மாணவர் பிறப்பதற்கு முன்பே வந்திருந்தால், 'அப்ப' மாணவரின் அம்மா பிறப்பதற்கு முன்பு. வரலாறு எவ்வளவு பின்னால் போனாலும் கேசவமூர்த்தி அதற்கு ஓரடி பின்னால் நின்றுகொண்டிருப்பார்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி ஸரஸா ஒருநாள் பீட்ரூட்டில் ஏதோ புதிதாகச் செய்து வைத்தாராம். ஒரு வாய் வைத்ததும் இவர், "எங்க அத்தையாத்துல இதை அப்பவே பண்ணிட்டாளே" என்றிருக்கிறார். "அப்படின்னா ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அங்கயே போயிடுங்கோ" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார் ஸரஸா. கல்லூரியில் தட்டை எடுத்துக்கொண்டு போக யாருக்கும் துணிச்சல் கிடையாது. மாணவர்களின் ஆராய்ச்சியை ஆண்டுதோறும் எடைபோடும் குழுவுக்கு அவர்தானே தலைவர்!

அந்தக் குழுவின் முன்னால் போய் மாட்டிக்கொண்டவள் ஆராய்ச்சி மாணவி பிரதிபா. தாத்தா காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்காக இங்கே வந்த தமிழ்க் குடும்பம்; அவளுக்குக் கன்னடம் சரளம், தமிழ் கொஞ்சம் யோசித்து வரும். அவள் எடுத்துக்கொண்டது இதயத் துடிப்பைப் பார்த்து, தாளம் தப்புகிறதா என்று அங்கேயே கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு சிறிய சிப். மின்சாரமும் இணையமும் ஒழுங்காக இல்லாத இடத்திலும் அது ஓட வேண்டும். அதற்காக அவள் செய்த யுக்தி எளிமையானது: இதயம் ஒழுங்காகத் துடிக்கும்வரை சிப்பின் பெரும்பகுதியைத் தூங்க வைத்துவிடுவது, துடிப்பு பிசகும்போது மட்டும் எழுப்புவது. அதனால் சின்ன பேட்டரியே பல நாள் வரும்.

"தூங்க வெக்கறதா?" என்றார் கேசவமூர்த்தி. "அதை நாங்க அப்பவே பண்ணிட்டோம்மா."

வகுப்பறையில் அவர் அதைச் செய்திருக்கிறார் என்பதற்குப் பல தலைமுறை மாணவர்கள் சாட்சி. ஆனால் குழுவின் குறிப்பில் 'புதுமை இல்லை' என்று ஏறிவிட்டது. அடுத்த ஆண்டும் அதேதான். அதற்கடுத்த ஆண்டும் அப்படி ஏறினால் பதிவே ரத்தாகும். பிரதிபா நூலகத்தில் உட்கார்ந்து அவருடைய கட்டுரைகள் அத்தனையையும் படித்துப் பார்த்தாள். அந்த வேலை எதிலும் இல்லை. இல்லை என்பதைத் தலைவரிடமே எப்படிச் சொல்வது? "நீங்க சொல்லுங்க சார்" என்று என்னிடம் வந்தாள். "நான் வெறும் கணக்கு வாத்தியார்ம்மா" என்று நழுவினேன். கோழைகளைப் பற்றி இன்னொரு சித்திரம் எழுதும்போது என்னை நானே மாதிரியாக வைத்துக்கொள்கிறேன்.

இந்த நிலையில்தான் எங்கள் கல்லூரியில் மருத்துவமும் கணினியும் என்று ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையூர் மார்டள்ளிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் ஜோதிமணியைப் பேச அழைத்திருந்தார்கள். சுங்குடிப் புடவை, ஓட்டமான பேச்சு. படம் காட்டவில்லை, தலைப்பு வைக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்கூர்ல தேவம்மான்னு ஒருத்தருங்க. காட்டு வேலைக்குப் போறவங்க. நெஞ்சு படபடங்குது, தலை சுத்துதுன்னு வந்தாங்க. இ.சி.ஜி. எடுத்தேன். எனக்கே சந்தேகமா இருந்துச்சு. போட்டோ புடிச்சு மைசூருக்குப் பெரிய டாக்டருக்கு அனுப்பினா, டவர் இல்லீங்க. மலைமேல மழை. மறுநாள்தான் போச்சு, பதிலும் வந்துச்சு. அதுக்குள்ள அவங்களுக்குப் பக்கவாதம் வந்துருச்சுங்க. இப்ப வலது கை வெளங்கறதில்ல, பேச்சும் கொழறுது. எனக்குப் பெரிய மிஷினெல்லாம் வேண்டாமுங்க. அங்கயே, அப்பயே சொல்லற மாதிரி ஒண்ணு வேணும். அவ்வளவுதானுங்க."

பின்வரிசையில் பிரதிபா எழுந்திருக்கப் போனாள். அவள் முழங்கால் நிமிர்வதற்குள் முன்வரிசையில் ஓர் உருவம் எழுந்துவிட்டது.

"டாக்டர், கவலையே படாதீங்கோ. அதை நாங்க அப்பவே பண்ணிட்டோம்."

சாதாரணமாக இந்த வாக்கியத்தோடு எல்லாம் முடிந்துவிடும். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள், காபி வரும். ஆனால் ஜோதிமணி இந்த இனத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் செய்த காரியம் எங்கள் கல்லூரி வரலாற்றில் யாரும் செய்யாதது. அவர் நம்பிவிட்டார்.

"அப்படீங்களா சார்!" அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "எங்க இருக்குதுங்க? வண்டி வெளியில நிக்குது, இன்னிக்கே கொண்டுபோயிடறேன்."

"அது... ஒரு ப்ரோட்டோடைப்புதான், அல்வா?"

"அதையே குடுங்க சார்."

"சார்ஜ் போடணும்."

"எங்கூர்ல போட்டுக்கறேன். நாலு மணிக்குக் கரண்ட் வருமுங்க."

"லேப் சாவி..."

"இங்கே இருக்கு சார்" என்றேன் நான். கருத்தரங்குக்காக அன்று சாவிக்கொத்து என் பொறுப்பில் இருந்தது. என் வாழ்நாளில் செய்த ஒரே வீரச்செயல். ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அரங்கம் மொத்தமும் பின்தொடர ஆய்வகத்துக்குப் போனோம். அலமாரியின் அடித்தட்டிலிருந்து கேசவமூர்த்தி அதை இரண்டு கைகளாலும் எடுத்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. முறம் அகலத்துக்குப் பச்சைப் பலகை, தலையில் ஒரு மின்விசிறி, பக்கத்தில் ஒரு பழைய கணினி. இளைஞராக இருந்தபோது அவரே உட்கார்ந்து கட்டியது. விசிறி உறுமிக்கொண்டு சுழலத் தொடங்கியபோது, அந்த மனிதர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு மலர்ச்சி வந்தது. பொய்யில்லாத மலர்ச்சி. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகக்கூட இருந்தது.

"உங்களுக்கே ஒட்டிப் பாத்துரலாங்களா சார்?" என்றார் ஜோதிமணி. மறுக்க முடியுமா? சட்டைப் பொத்தான் திறந்தது. கம்பி பொருத்திய பட்டைகள் நெஞ்சில் ஒட்டப்பட்டன. திரையில் அழகழகாக அலை ஓடியது. கீழே 'இயல்பு' என்று பச்சை எழுத்து. எல்லோரும் கைதட்டினார்கள். கேசவமூர்த்தி தலைவணங்கினார்.

ஜோதிமணி கைதட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், குனிந்து, ஒரு பட்டையைப் பிய்த்தார். அலை ஓடியது. இன்னொன்றைப் பிய்த்தார். அலை ஓடியது. எல்லாவற்றையும் கழற்றிக் கம்பியைச் சுருட்டி மேஜையில் வைத்தார். கம்பி மேஜையில் கிடந்தது. பேராசிரியரின் இதயம் திரையில் துளிப் பிசகில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க சார்," என்று டாக்டர் மெல்லக் கேட்டார், "இது யாரோட இதயமுங்க?"

பேராசிரியர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அது... ஏற்கெனவே ஏத்தி வெச்ச டேட்டா. டெமோவுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு இதைவிட வசதியாக இருந்திருக்கும்.

அப்போதுதான் பிரதிபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் கையில் இருந்தது சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி. உண்மையில் சோப்புப் பெட்டியேதான், மண்டி மொஹல்லா கடைத்தெருவில் வாங்கியது; உள்ளே அவளுடைய சிப். டாக்டரின் கையிலேயே ஒட்டினாள். அலை வந்தது. டாக்டர் பட்டையைப் பிய்த்ததும் பெட்டி கீச்சென்று கத்தி, 'தொடர்பு இல்லை' என்றது. டாக்டர் மறுபடி ஒட்டினார், மறுபடி பிய்த்தார். அது மறுபடி கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"இதை ஏம்மா அங்கயே எந்திரிச்சுச் சொல்லல?"

"இதுல புதுமை இல்லைன்னு கமிட்டில சொல்லிட்டாங்க மேடம்."

"எனக்குப் புதுமை எதுக்கும்மா? பொய் சொல்லாம இருந்தா போதும்."

அனுமதிகள் எல்லாம் வாங்கி, பெரிய ஆஸ்பத்திரி மேற்பார்வையில் அந்தப் பெட்டி மார்டள்ளிக்குப் போய்ச் சேரச் சில மாதங்கள் ஆயின. தேவம்மாவின் கை திரும்பி வரவில்லை; எந்தச் சிப்பாலும் அது ஆகாது. ஆனால் அதே ஊரில் தொட்டையன் என்ற டிராக்டர்காரருக்குத் தாளம் தப்பியதைப் பெட்டி அங்கேயே சொல்லி, அன்று மாலையே அவரை மைசூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போதும் டிராக்டர் ஓட்டுகிறார்.

கேசவமூர்த்தி திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். என்ன கேள்வி இது! அடுத்த ஆண்டுக் குழுவில் பிரதிபாவின் ஆராய்ச்சியை அவர்தான் முதல் ஆளாகப் பாராட்டினார். எல்லா ஆட்சேபங்களையும் அவரே அடித்து நொறுக்கினார். பெங்களூர் மாநாட்டில் சோப்புப் பெட்டியின் படத்தைத் திரையில் போட்டு, "நாங்க அப்பவே பண்ணினது" என்று தொடங்கினார். இந்த முறை அந்த 'நாங்க'வில் யார் இருக்கிறார்கள் என்பதாவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிரதிபா இப்போது எங்கள் கல்லூரியிலேயே உதவிப் பேராசிரியர். சில நாள் முன்பு ஸ்வாதி என்ற மாணவி அவளிடம் வந்து, "மேடம், துடிப்பு தப்பினப்புறம் சிப்பை எழுப்பறதை விட, தப்பறதுக்கு முன்னாடியே எழுப்ப முடிஞ்சா..." என்று ஆரம்பித்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அதை நாங்க..." என்று பிரதிபாவின் வாய் திறந்தது. எனக்கு உடம்பு சில்லிட்டது. அவளுக்கும்தான் போலிருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "கூத்கோ ஸ்வாதி, உக்காந்து முழுசா சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். தொற்று வியாதி, பார்த்தீர்களா?

உங்களுக்கு இல்லை என்கிறீர்களா? நாளைக்கு உங்கள் மகளோ, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணோ, "எனக்கு ஒண்ணு தோணுச்சு" என்று வருவாள். அவள் சொல்லி முடிக்கும்வரை உங்கள் வாய் மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

என்ன, இந்த மாதிரி ஆட்களைப் பற்றி நீங்களே போன வருஷம் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? இதைவிட நன்றாகவே சொன்னீர்களா? சந்தோஷம். கேசவமூர்த்தி வருகிற ஜூனில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு நாங்கள் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.