சனிக்கிழமை ஐந்திலிருந்து ஏழு வரை

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது. இங்கே என் மூக்குக் கண்ணாடியைத் தவிர எல்லோரும் நலம். உன் நலமும், உன் வீட்டார் நலமும், அச்சகத்தார் நலமும் அறிய ஆவல். அச்சகத்தாரை ஏன் விசாரிக்கிறேன் என்றால், உன் அண்ணனின் நினைவு மலரை அவர்கள் இன்னும் அச்சில் ஏற்றாமல் இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

நீ அனுப்பிய மெய்ப்புப் படிகளை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை ஒற்றுப்பிழை திருத்தினேன். அட்டையிலேயே 'பக்தி, பொறியியல், விளையாட்டு மூன்றையும் இரு கண்களாகப் போற்றியவர்' என்று போட்டிருக்கிறாய். கணக்கு உதைக்கிறது, போகட்டும். மூன்றாம் முறை படித்தபோதுதான் பேனாவைக் கீழே வைத்தேன். மூன்றாம் பக்கத்தில் பிரார்த்தனைக் கூடத்துத் தலைவர், 'சனிக்கிழமை மாலை மட்டும் தொழிற்சாலை இயந்திரங்கள் அவரை எங்களிடமிருந்து பறித்துக்கொண்டன' என்கிறார். ஏழாம் பக்கத்தில் தொழிற்சாலை மேலாளர், 'சனிக்கிழமை மாலை எது உடைந்தாலும் கூப்பிட மாட்டோம், வாலிபால் மைதானத்தில் இருப்பார்' என்கிறார். பதினோராம் பக்கத்தில் வாலிபால் கேப்டன், 'சனிக்கிழமை மாலை நாங்களே விசில் ஊதிக்கொள்வோம், சார் பிரார்த்தனைக்குப் போய்விடுவார்' என்கிறான். என்னிடம் அவர் எதுவுமே சொன்னதில்லை. குளித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன்" என்பார். குளித்தாரே என்று கோயில் காரியமாக நானே முடிவுகட்டிக்கொண்டேன். முப்பத்திநாலு வருஷம், தம்பி. மூன்று கால் முக்காலி ஆடாது என்று அடிக்கடி சொல்வார். இப்படி ஒரு முக்காலியைச் செய்து அதன்மேல் என்னை உட்கார வைப்பார் என்று நான் கண்டேனா?

பையைக் கவிழ்த்தேன். விசில், பிரார்த்தனைப் புத்தகம், இயந்திரத்துக்கு மட்டம் பார்க்கும் ரசமட்டம், அதற்கடியில் பூப்போட்ட தலையணை உறை ஒன்று. நம் வீட்டு உறைகள் எல்லாம் கட்டம் போட்டவை. நெருப்பில்லாமல் புகையுமா? உடனே கிளம்பினேன். மைதானத்தில் கேப்டனைக் கூப்பிட்டு "உண்மையைச் சொல்லு" என்று வாயைத் திறந்ததும் பந்து வந்து கண்ணாடியை உடைத்தது. வேண்டுமென்றே அடித்தார்களோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். அரைப் பார்வையோடு கூடத்துக்குப் போனேன். தலைவர் என் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு, நான் துக்கம் தாளாமல் வந்திருப்பதாக நினைத்து, அத்தனை பேரையும் எழுப்பி எனக்காகக் கால் மணி நேரம் பிரார்த்தனை செய்ய வைத்தார். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு விசாரணை நடத்துவது? கடைசியாகத் தொழிற்சாலை வாசலில், எல்லோரும் மீசை என்று கூப்பிடும் காவல்காரரைப் பிடித்தேன். உறையை நீட்டியதும் அவர் முகம் வெளுத்தது.

"ஐயா சனிக்கிழமை சாயங்காலம் பழைய பாய்லர் ரூமுக்கு வருவாரும்மா."

"வந்து? யார் கூட?"

"யாருமில்லம்மா. தூங்குவாரு."

"இந்த உறை?"

"எண்ணெய்த் துணிய சுருட்டித் தலைக்கு வச்சுப் படுக்குறாருன்னு எங்க வீட்ல சொன்னேன். அவதான் தலகாணி ஒண்ணும் உறையும் தச்சுக் குடுத்தா. துவைக்கணும்னு ஐயா எடுத்துட்டுப் போனாரு."

இதை நான் நம்பவேண்டுமாம். தூங்குவதற்காக ஒரு மனுஷன் வீட்டை விட்டு ஓடுவாரா? வீட்டில் கட்டில் இல்லையா, மெத்தை இல்லையா? சனிக்கிழமை என்றால் நான் வாசலிலேயே பட்டியலோடு நிற்பேன்: ஒழுகுகிற குழாய், முனகுகிற ஃபேன், என் தங்கை வீட்டு கிரைண்டர். அதற்குள் வாலிபால் பிள்ளைகள் சண்டையைத் தீர்க்கச் சொல்லி வருவார்கள், கூடத்திலிருந்து மைக் பாடவில்லை என்று ஆள் வரும், தொழிற்சாலையிலிருந்து போன் வரும். இத்தனை பேர் தேடுகிற வீட்டை விட்டு ஒருவர் துருப்பிடித்த பாய்லருக்குப் பக்கத்தில் போய்ப் படுப்பாரா? மீசை எதையோ மறைக்கிறார். அந்த மூன்று கட்டுரையையும் தூக்கிவிடு. உண்மை தெரியும்வரை மலர் வரக்கூடாது. நீ அடுத்த சனிக்கிழமை நேரில் வா, இரண்டு பேருமாகத் துப்புத் துலக்குவோம்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் நீயே பார்த்துப் பங்கிட்டுக்கொடு.

இப்படிக்கு,
ஏமாந்துபோன உன் அண்ணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், மீசையின் பொய்யை உடைத்துவிடலாம் என்று இன்று மாலை நானே அந்த அறைக்குப் போனேன். துருப்பிடித்த பாய்லர், ஒரு கட்டில், உறையில்லாத ஒரு தலையணை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆள் படுக்க நீளம் போதுமா என்று சோதிக்கத்தான் படுத்தேன். மீசை கதவைத் தட்டியபோது மணி ஏழு. அவர் போன இந்த ஏழு வாரத்தில் நான் கண்ணசந்தது இதுதான் முதல் தடவை. எழுந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஆற்றாமையாக இருந்தது. சொல்லியிருந்தால் பட்டியலை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போயிருப்பேன், அதுவும் உண்மைதான். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. மூன்று கட்டுரையும் ஓர் எழுத்து மாறாமல் அப்படியே வரட்டும். நீ ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். யார் கேட்டாலும் சொல்: இனிமேல் சனிக்கிழமை ஐந்திலிருந்து ஏழு வரை நான் பிரார்த்தனைக் கூடத்தில் இருப்பேன்.