வாய்தாவுக்கு மிட்டாய்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கையும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மகள் நலமா என்பது இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும். நீதிமன்றத் தாழ்வாரத்தில், கால் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பாதிக் குற்றம் பெஞ்சுடையது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கிடங்கு அலுவலகத்தில் அவளுக்குத் தருவதாகச் சொன்ன வேலை இன்னும் காலியாக இருக்கிறதா? பட்டமளிப்பு நாளில் நீங்கள் அதைச் சொன்னபோது, "சட்டம் படிச்ச பொண்ணு மூட்டை எண்ணுறதா மச்சான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அதை நீங்கள் மறந்துவிட்டால் நல்லது.

கல்லூரியில் பேச்சுப் போட்டிக் கோப்பைகளாக வாங்கிக் குவித்தாள்; வீட்டில் கடிகாரம் வைக்க இடமில்லை. பிறகு கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தாள். அந்த அறையில் மின்விசிறி சீனியரைப் பார்த்து மட்டும்தான் சுற்றும். காற்று வேண்டுமென்றால் சந்தேகம் கேட்கிற சாக்கில் அவர் மேசைக்குப் போக வேண்டும். வேலை என்னவென்றால், வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து, சீனியரால் வர முடியவில்லை, வேறு தேதி கொடுங்கள் என்று வாய்தா கேட்பது. முதல் நாள் வீட்டுக்கு வந்து, "கேட்டதைக் கொடுத்துட்டாங்கப்பா" என்றாள். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவன், எனக்கென்ன தெரியும் மச்சான்? வழக்கில் ஜெயித்துவிட்டாள் என்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டேன்.

அதைத் தின்றவர்களில் தெருமுனைச் சலூன்காரரும் ஒருவர். கட்டடத்துக்காரர் அவரைக் காலி செய்யவைக்கப் பார்க்கிறார். ஒருநாள் என்னை நாற்காலியில் சாய்த்து, முகம் பூராவும் நுரை பூசி, கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "முதல் நாளே ஜெயிச்ச பொண்ணு. என் கேஸை அவங்கதான் நடத்தணும்" என்றார். அந்த நிலைமையில் தலையைக்கூட ஆட்ட முடியாது. "ம்" என்றேன். கேஸ் அவள் சீனியரிடம் வந்து சேர்ந்தது.

இன்று தடை உத்தரவு கிடைக்காவிட்டால் நாளை கடைக்குப் பூட்டு. காலையில் சீனியர் போன் செய்து, "பல்வலிம்மா, வாய்தா வாங்கிடு" என்று வைத்துவிட்டார். வாய்தா வாங்கினால் கடை போச்சு. நீயே பேசிவிடேன் என்று மகளிடம் கெஞ்சிப் பார்த்தேன். "எனக்கு வாய்தா கேட்க மட்டும்தான்பா தெரியும்" என்றாள். அத்தனை கோப்பை வாங்கிய பெண். சலூன்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், இன்று தன் முகத்தையே மழிக்காமல். என் மிட்டாயை நம்பி வந்த மனுஷன், அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது சொல்லுங்கள்.

ஆகவே அந்த வேலையை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். மூட்டை எண்ணினால் யாருடைய பிழைப்பும் போகாது. உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும், முழங்காலுக்கு என் அனுதாபமும்.

அன்புடன்,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்றேன். எதிர்த்தரப்பு ஜூனியர் முந்திக்கொண்டு, "எங்க சீனியருக்குப் பல்வலிங்க, வாய்தா வேணும்" என்றான். நீதிபதி என் மகளைப் பார்த்து, "உங்க சீனியர் எங்கம்மா?" என்றார். "அவருக்கும் பல்வலிதாங்க ஐயா." "ரெண்டு பேருக்கும் ஒரே பல்லா?" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "என்னையும் வாய்தா வாங்கத்தான் சொல்லியிருக்காங்க. வாங்கினா நாளைக்குக் கடையைப் பூட்டிடுவாங்க ஐயா. அதனால நானே பேசுறேன்" என்றாள். அப்புறம் பேசினாள் பாருங்கள், பேசிக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும் சலூன்காரர் அவள் முன்னால் கைகூப்பிக்கொண்டு அழுதார். சீனியர் என்ன சொல்வாரோ தெரியாது. இருந்தாலும் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் மச்சான்.

இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன், மிட்டாய் வாங்கலாமா என்று.

"வாங்குங்கப்பா" என்றாள்.