பென்சில் வால் ரப்பரின் மறைவும் மாமாவுக்கு ஒரு மனுவும்

ஜெராக்ஸ் மெஷின்களின் கைராசி மருத்துவரும் என் ஒரே தாய்மாமாவுமாகிய தங்களுக்கு, தங்கள் அக்காள் மகன் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: என் பென்சிலின் வாலில் வாழ்ந்துவந்த ரப்பர், ஞாயிற்றுக்கிழமை நுழைவுத் தேர்வு மண்டபத்தில் கடமையாற்றும்போதே காலமானது. இறுதிவரை அது எதையும் அழிக்கவில்லை. நல்ல ஆத்மா.

இங்கே அம்மா நலம். அப்பா, என்னைப் பார்க்காத நேரங்களில் நலம்.

விஷயம் இதுதான், மாமா. இந்தத் தேர்வில் விடை எழுத வேண்டியதில்லை. நாலு வட்டத்தில் ஒன்றைப் பென்சிலால் கறுப்பாக்கினால் போதும், மெஷின் திருத்தும். தேறினால் லீவு முழுக்க உங்கள் பட்டறையில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் திரியலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். கோட்டை விட்டால் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரிடம் ட்யூஷன், காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை, மருந்து மாதிரி. நான் மின்னல் வேகத்தில் முடித்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஞானம் பிறந்தது. ஏழெட்டு விடைகளை மாற்றினேன். என் அறிவு அப்படி, சும்மா உட்கார விடாது. ஆனால் அந்த ரப்பர் இருக்கிறதே, கருங்கல்லுக்குக் கூடப்பிறந்த தம்பி. தேய்க்கத் தேய்க்க வட்டம் கரைந்து பக்கத்து வட்டத்தின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ரப்பர் பிய்ந்து உயிரை விட்டது, தாளில் மழை மேகம் திரண்டது. கண்காணிக்க வந்த டீச்சர் குனிந்து பார்த்து, "என்னப்பா, விடைத்தாளுக்குக் கண்மை வச்சு விட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"ஒரு கேள்விக்கு ரெண்டு வட்டம் கறுப்பா இருந்தா மெஷின் முட்டைதான்டா போடும்."

"மெஷின் என்ன கோழியா?"

"வாத்தியார் வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டும்போது தெரியும், போ."

சந்தேகம் தீர, மாதிரித் தாள் ஒன்றில் அதே மாதிரி அழித்து, தெருமுனைக் கடையில் ஜெராக்ஸ் எடுத்தேன். ஒழுங்காகப் போட்ட வட்டம் மங்கல். அழித்த வட்டம் கன்னங்கரேலென்று பளிச்! "மெஷினுக்கு இதுதான் தம்பி பிடிச்சிருக்கு," என்று கடைக்கார அண்ணன் சிரிக்கிறார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அதாவது மூன்றாம் முறை போட்டுக்கொள்ளும்போது. விடைத்தாளில் கரி பூசியது நான். என் முகத்தில் பூசப்போவது மெஷின்.

ஆகவே தாங்கள் அப்பாவுக்குப் போன் போட்டு, தொழில் தெரிந்தவர் என்ற முறையில், "மச்சான், அந்த மெஷினுக்குப் பார்வைக் கோளாறு. அழிச்சதையெல்லாம் விடைன்னு நினைச்சுக்கும். பையன் மேல தப்பே இல்ல" என்று இப்போதே சொல்லிவைக்கவும். அழித்தவை தவறு, புதிதாகப் போட்டவை சரி. இதற்கு என் மூளையே ஜாமீன்.

அத்தைக்கு வணக்கம். பாப்பாவுக்கு என் சார்பில் ஒரு கிள்ளு, அழாத அளவுக்கு.

இப்படிக்கு,
மேகமூட்டத்துடன் காணப்படும்
உங்கள் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சரியான விடைகளை வெளியிட்டுவிட்டார்கள். அக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மாமா, நான் அழித்ததெல்லாம் சரி. மாற்றிப் போட்டதெல்லாம் தப்பு. ஞானம் பிறந்தது என்று எழுதினேனே, அது பிறந்த இடம் மோட்டுவளை இல்லை, முன்பெஞ்சுப் பையனின் விடைத்தாள். வகுப்பில் முதல் ஆள் ஆச்சே என்று கழுத்தை நீட்டிவிட்டேன். முன்னால் இருப்பவனுக்கும் பின்னால் இருப்பவனுக்கும் கேள்விகளை வரிசை மாற்றிக் கொடுப்பார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. (தாளின் தலையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம்.) அதனால் அப்பாவுக்குப் போன் வேண்டாம். அந்த மெஷின் அழித்ததை மட்டும்தான் படிக்கும் என்று எனக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள், மாமா. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.