மழையை மறுத்தவர்

நுவரெலியாவிலிருந்து நல்லதண்ணி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், பெய்கிற மழையைக் குடைக்கு அடியில் நின்றுகொண்டே பெய்யவில்லை என்று அச்சடித்து விற்ற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ஹட்டனில் இருந்தார். சொந்தப் பெயர் தபால் கந்தோருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் மறுப்பு ஐயா.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத வந்தவன் யார் என்று கேட்பீர்கள். றொசல்லைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவன். படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதி. மாவு பிசைகிற ஆளாக ஹட்டனுக்கு வந்து, எட்டே வருஷத்தில் அதே பேக்கரிக்கு முதலாளியானேன். என் பாணுக்குக் கொத்மலையிலிருந்து ஆள் வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதும் அந்தப் பேக்கரியில்தான், பாண் வேகும் போறணைக்குப் பக்கத்தில்.

அந்தக் காலத்தில் ஹட்டனுக்கு இரண்டு பேப்பர். இரண்டும் ஒற்றைத் தாள், வாரம் ஒருமுறை. செவ்வாய்ப் பேப்பரை நடத்தியவர் கோட்டு மாஸ்டர். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் கறுப்புக் கோட்டை விட்டு ஓய்வு பெறாதவர். வெள்ளிப் பேப்பர் மறுப்பு ஐயாவுடையது. செவ்வாய்க்கிழமை வந்ததை வெள்ளிக்கிழமை மறுப்பதுதான் அவர் தொழில், தவம், சாப்பாடு எல்லாம்.

இரண்டையும் ஊரிலிருந்த ஒரே அச்சுக்கூடத்தில்தான் அடித்தார்கள். பனி இறங்கிவிட்டால் மை காயாது. தாளைத் தொட்டால் செய்தி விரலோடு வந்துவிடும். ஆகவே ஈரத் தாள்களை என் பேக்கரிக்குத் தூக்கி வருவார்கள். போறணைக்கு மேலே கயிறு கட்டியிருந்தேன். தாள்கள் வரிசையாகத் தொங்கும். வாசல் வழியாகப் பனி உள்ளே வந்து அவற்றுக்கிடையே உலாவும். எது பனி, எது பேப்பர் என்று தெரியாது. பாண் வாசமும் மை வாசமும் கலந்து ஒரு தூக்கம் போல அந்த இடத்தில் நிற்கும். வாடிக்கையாளர்கள் பணிஸைக் கடித்தபடி, அண்ணாந்து, ஒரு தாள்கூட வாங்காமல் முழுப் பேப்பரையும் படித்து முடிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

ஒருமுறை செவ்வாய்ப் பேப்பரில், ஹட்டனில் கன மழை என்று வந்தது. வெள்ளிக்கிழமை மறுப்பு: 'அது மழையல்ல. கீழே இறங்கிய மேகம்.' அதை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பேக்கரிக்குள் நுழைந்தபோது வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"என்னாங்கய்யா, இப்புடி நனஞ்சு வந்திருக்கீங்க?"

"மேகத்துக்குள்ள நடந்தா நனையாதா?" என்றார்.

ஒரு மாவுச் சாக்கை எடுத்துக் கால் துடைக்கக் கொடுத்தேன்.

இன்னொரு தடவை கோட்டு மாஸ்டர் என் பாணைப் புகழ்ந்து எழுதிவிட்டார். மூன்று நாள் மறுப்பு ஐயா பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. மறுக்காவிட்டால் கொள்கை போச்சு. மறுத்தால் போறணை போச்சு. வெள்ளிக்கிழமை வந்தது: 'அந்தப் பாண் நல்ல பாண் என்று எழுதியது தவறு. அது மிக நல்ல பாண்.' அந்தத் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

விளையாட்டாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு தோட்டத்தில் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டாகிவிட்டது என்று செவ்வாய்ப் பேப்பர் எழுதியது. தோட்டத்து ஆபீஸ் சொன்னதை மாஸ்டர் அப்படியே போட்டார். மறுப்பு ஐயா ஆறு மைல் நடந்துபோய்க் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்: 'குழாய் இருக்கிறது. தண்ணீர் இல்லை.' அடுத்த வாரம் தண்ணீர் வந்தது. எங்கள் ஜனங்களுக்கு ஓட்டுரிமை பறிபோயிருந்த காலம் அது. பக்கம் சேர்ந்து சண்டை போட எங்களுக்கு இருந்தது இந்த இரண்டு பேப்பர்தான். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் ஒருவர் இரண்டையும் உரக்க வாசிப்பார். ஒரு கூட்டம் செவ்வாய் என்னும், ஒரு கூட்டம் வெள்ளி என்னும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கோட்டு மாஸ்டருக்கு நெஞ்சில் சளி கட்டி, குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாஸ்டர் மகளோடு இருக்க மாத்தளைக்குப் போய்விட்டார். செவ்வாய்ப் பேப்பர் நின்றது. இத்தனை சின்ன டவுனுக்கு இரண்டு பேப்பர் எப்படியும் தாங்காது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஐயாவின் பேப்பரில் 'மறுப்பு' என்ற தலைப்பு இருந்தது. அதன் கீழே ஒரு முழுப் பத்தி வெள்ளையாக இருந்தது.

"இனி ஒங்க ராஜ்ஜியம்தாங்கய்யா," என்றேன்.

"என்னாத்த ராஜ்ஜியம்? நான் தப்பா எழுதினா இனி யாருப்பா சொல்லுவா?"

கேட்ட வாய்க்கு ஒரே மாதத்தில் பதில் கிடைத்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், குழந்தைகளுக்குக் கொடுக்கிற பாலில் ஆயம்மா தண்ணீர் கலக்கிறாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெள்ளிப் பேப்பரில் போட்டார். வெறும் பத்தியை நிரப்ப வேண்டியிருந்ததோ என்னவோ. தோட்டத்தில் அன்றைக்கே அந்த அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் அவள் கையில் பேப்பரோடு என் கடைக்கு வந்தாள். வாசிக்கத் தெரியாதவள்.

"என்னா எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க தம்பி."

வாசித்தேன். அவள் தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதுனவரு வந்து பாத்தாராமா?"

அப்போது மறுப்பு ஐயா உள்ளேதான் இருந்தார். காயாத மிச்சத் தாள்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாள்களுக்குக் கீழே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஆயம்மா அந்தக் கால்களைப் பார்க்காமலே பனிக்குள் இறங்கிப் போனாள்.

தாள்களுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாதி வழி போனேன்ப்பா. ஒரே பனி. காலெல்லாம் அட்டை. திரும்பிட்டேன்."

"திரும்பி இங்கதானே வந்தீங்க. ரெண்டு பணிஸ் தின்னீங்க."

தாள்கள் ஆடின. அவர் எழுந்து போய்விட்டார். ஞாயிறும் திங்களும் ஆளைக் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை அச்சுக்கூடத்து ஆட்கள் ஈரத் தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செவ்வாய்ப் பேப்பர். அதே தலைப்பு, அதே பழைய எழுத்து. மாஸ்டர் வந்துவிட்டார் என்று பஸ் ஸ்டாண்டு வரை சத்தம் போனது. கயிற்றில் போட்டுவிட்டு எழுத்துக்கூட்டினேன். 'வெள்ளிப் பேப்பர்காரர் பிள்ளைக்காம்பராவுக்குப் போகவே இல்லை. அட்டைக்குப் பயந்து பாதி வழியில் திரும்பினார். ஹட்டன் பேக்கரியில் உட்கார்ந்து இரண்டு பணிஸ் தின்றார். நாம் நேரில் போய்ப் பார்த்தோம். பால் நல்ல பால். ஆயம்மா குற்றமற்றவள்.'

பணிஸ் விஷயம் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கு அப்போது வாசிக்கத்தான் வரும், எழுத வராது.

மத்தியானம் மறுப்பு ஐயா வந்தார். வேட்டியில் அட்டை கடித்த ரத்தம் பொட்டுப் பொட்டாக இருந்தது. நான் தேத்தண்ணியை வைத்தேன். பிறகு மனசு கேட்கவில்லை.

"இத ஒங்க பேப்பர்லயே போட்டிருக்கலாமேய்யா?"

"எம் பேப்பர்ல போட்டா மன்னிப்புக் கேக்குறான்னு நெனப்பாங்க. எதிரி பேப்பர்ல வந்தாத்தான் உண்மைன்னு நம்புவாங்க."

நம்பினார்கள். செவ்வாய்க் கூட்டம் அந்தத் தாளைக் கொண்டுபோய்த் தோட்டத்துத் துரையின் மேசையிலேயே வைத்தது. ஆயம்மா திரும்ப வேலைக்குப் போனாள். ஆனால் வெள்ளிக்கிழமை என்ன செய்யப் போகிறார் என்று ஊரே என் கயிற்றுக்குக் கீழே வந்து நின்றது. மறுப்பு வந்தது: 'தின்றது ஒரு பணிஸ். மற்றதெல்லாம் உண்மை.'

இரண்டுதான் தின்றார். நான் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு ஏழெட்டு வருஷம் இரண்டு பேப்பரையும் அவரே எழுதினார். செவ்வாய்க்கிழமை தன்னைத் திட்டுவார், வெள்ளிக்கிழமை கோபப்படுவார். மாத்தளையிலிருந்து கோட்டு மாஸ்டர் ஒரு தபால் அட்டை போட்டிருந்தார்: 'பேப்பரின் தலைப்பை உங்களுக்குக் கொடுத்தது தப்பில்லை. ஆனால் என் பேப்பரில் உங்களை நான் இவ்வளவு மரியாதையாகத் திட்டியது கிடையாது.' மாஸ்டர்தான் ஆள் வைத்து விசாரித்து மாத்தளையிலிருந்து எழுதி அனுப்புகிறார் என்று ஊர் நம்பியது; நானும் அச்சுக்கூடத்துக்காரரும் மூச்சு விடவில்லை. இத்தனை சின்ன டவுனுக்கு இரண்டு பேப்பர் தாங்குமா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். தாங்கியது. ஒரே மனுஷன் தாங்கினார்.

ஐயா கண்ணை மூடியது ஒரு புதன்கிழமை. அந்த வாரம் வெள்ளிப் பேப்பர் வரவில்லை. செவ்வாய்ப் பேப்பரும் வராமல் போனபோதுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது.

மேலே ஒரு இடத்தில், என் பாணுக்குக் கொத்மலையிலிருந்து ஆள் வரும் என்று எழுதியிருக்கிறேன். வந்தவர் ஒருவர்தான். அவரும் பஸ்ஸைத் தவறவிட்டவர். ஐயா இருந்திருந்தால் வருகிற வெள்ளிக்கிழமையே இதைப் போட்டிருப்பார். இப்போது நானே எழுத வேண்டியிருக்கிறது.